ஒரே படத்தில் எண்பது விளையாட்டு

பீட்டர் புரூகல் 1560-இல் தீட்டிய 'சிறுவர் விளையாட்டுகள்' ஓவியம் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஏறத்தாழ எண்பது விளையாட்டுகள்! பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், பீப்பாய்மேல் ஏறிச் சவாரி செய்கிறார்கள். ஒரு மூலையில் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆட்டம். நடுவே பொய்க்கல்யாண ஊர்வலம் வேறு! தேவதைகளும் புனிதர்களும் ஓவியங்களை நிறைத்திருந்த காலத்தில், புரூகல் தெருப்பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பலகையையே தந்துவிட்டார். ஆனால் முகங்களைப் பாருங்கள்: சிரிப்பவர்கள் மிகக் குறைவு. அத்தனை பேரும் ஏதோ அலுவலகத்துக்கு வந்தவர்கள்போல மும்முரமாக விளையாடுகிறார்கள்.