கவுண்டருக்கு அந்தப் பக்கம்!

முப்பது வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்று தபால் அனுப்பியிருக்கிறேன். உள்ளே டக் டக்கென்று முத்திரை விழும் சத்தம் மட்டும் கேட்கும். எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. போன மாதம் எங்கள் ஊர்த் தபால் ஆபீசில், "இவ்ளோ ஆசையா இருந்தா உள்ள வந்தே பாருங்கக்கா" என்று கவுண்டரில் இருந்த பெண் தடுப்புக் கதவைத் திறந்துவிட்டார். பட்டாசுக் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்!

கையில் ஒரு நாவல். திருநெல்வேலிச் சிநேகிதிக்கு. அதை வாங்கியவர் அட்டையைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்க்கவில்லை. நேராக இரண்டாவது தாளைப் புரட்டி, பொடி எழுத்தில் விரலை வைத்தார். "பதிப்பகம் பேர் இருக்கு, சரி." அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இல்லாத புத்தகம், புத்தகங்களுக்கான சலுகைத் தபாலான கியான் போஸ்ட்டில் ஏறாதாம். நாம் தள்ளிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

"உள்ள லெட்டர் எதுவும் வெக்கலையே?"

வைத்திருந்தேன். நாலே வரி. உருவிக்கொண்டேன். அச்சடித்ததற்குத்தான் இந்தச் சலுகை; கையால் எழுதிய சேதிக்குக் கடிதக் கட்டணம்.

அடுத்து தராசு. உறையோடு சேர்த்து 294 என்று காட்டியதும் இருவரும் சிரித்துவிட்டோம். 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. 5 கிலோ மூட்டையானாலும் 100 ரூபாய்தான்! முன்பு இதற்கென்று இருந்த பதிவு புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது, புத்தகக் கண்காட்சி நெருங்கும் நேரத்தில் பதிப்பாளர்கள் பட்ட கவலை கொஞ்சமல்ல. 2025 மே 1-ல் கியான் போஸ்ட் வந்தது. பாடப் புத்தகம், இலக்கியம், பக்தி நூல் எல்லாம் போகும். விளம்பரம் நிறைந்த வெளியீடு போகாது, பத்திரிகையும் போகாது. தரை வழியாகத்தான் பயணம், ஆனால் எங்கே இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பத்திரிகைகளுக்குத் தனி ராஜ்ஜியம். ஓரமாக ஒரு மாத இதழின் கட்டு இருந்தது. ஒன்றை எடுத்துக் காட்டினார்: அஞ்சல் பதிவு எண். அந்த ஒற்றை வரிக்காகத்தான் சிறுபத்திரிகைக்காரர்கள் தவம் கிடப்பார்கள். அது கிடைத்துவிட்டால் 50 கிராம் வரை வெறும் 25 பைசா என்று நெடுங்காலம் இருந்தது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசா நாணயமே செல்லாது என்றாகிவிட்டது. அதன் பிறகும் பல வருஷம் கட்டணம் மட்டும் 25 பைசாவாகவே நின்றது. நாணயம் போன பிறகும் அதன் மதிப்பில் ஊர் ஊராக இதழ்கள் போய்க்கொண்டிருந்தன என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

பொங்கல் வாழ்த்துக் காலம் ஞாபகம் இருக்கிறதா? மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதி, கவரின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகி அனுப்புவோம். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான் போகும். ஒட்டக் கூடாது என்று அப்பா அதட்டுவார். ஏன் என்று சொன்னதில்லை. காரணம் இப்போதுதான் கிடைத்தது: உள்ளே கடிதம் ஒளிந்திருக்கிறதா என்று தபால்காரர்கள் திறந்து பார்க்க வழி வேண்டும். அந்த ஒட்டாத மடிப்புக்குத்தான் அவ்வளவு மலிவு!

என் பொட்டலம் பிரிக்கும் மேஜைக்குப் போனது. அங்கிருந்தவர் ஊர்ப் பெயரைப் படிக்கவே இல்லை. பின்கோடு 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். 627 என்றால் திருநெல்வேலி. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு, அவர் கண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது. கை தானாக நீண்டது, பொட்டலம் அதற்குரிய பைக்குள் விழுந்தது. பையின் வாயை இழுத்துக் கட்டி, சீட்டு மாட்டி, வாசலுக்கு நகர்த்தினார்கள். வேன் கிளம்பும் வரை நின்றேன்.

நாலாம் நாள் சிநேகிதியின் போன். "புஸ்தகம் வந்துட்டுது. லெட்டர் எங்கடி?"

"இன்லண்ட்ல வருது, இருடி!"