காஞ்சீபுரத்தில் சலங்கை கட்டிய பேத்தி! சத்தமில்லாமல் வித்தை தந்த பாட்டி!

காஞ்சீபுரம் என்றால் பட்டு, கோவில், இட்லி. இதோடு சேர்த்துச் சொல்ல ஒரு பாட்டி கதையும் உண்டு. பாட்டி இருந்தது சென்னையில். பேத்திகளுக்கு வாழ்வு தந்தது இந்த ஊர்!

1925-ம் ஆண்டு. இங்குள்ள அம்மனாட்சி அம்மன் கோவிலில் ஒரு சிறுமியின் நாட்டிய அரங்கேற்றம். வயசு ஏழு! ஆடப் பழக்கியவர் கந்தப்ப பிள்ளை. அந்தச் சிறுமிதான் பின்னாளில் கடல் கடந்து புகழ் பெற்ற பாலசரசுவதி.

பாட்டி யார் தெரியுமா? வீணை தனம்மாள்!

மூச்! பேசக்கூடாது

ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வீணையை எடுப்பார். பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் வந்து கைகட்டி உட்காருவார்கள். விரலில் கம்பி வளையம் மாட்ட மாட்டார். வெறும் விரல்தான். நாதம் அவ்வளவு மெல்லிசு. பக்கத்தில் ஒருத்தர் இருமினால் போச்சு!

கடைசி காலத்தில் கண் பார்வை போய்விட்டது. வீட்டில் பணக் கஷ்டம். அதற்காகக் கூட்டத்துக்கு ஏற்றபடி வாசிப்பை மாற்றிக்கொண்டாரா என்றால், இல்லை. பேத்திகள் பார்த்து வளர்ந்த பாடம் அதுதான்.

காஞ்சீபுரத்துக் கணக்கு

இன்னும் இரண்டு பேத்திகள் பிருந்தா, முக்தா. இவர்கள் காஞ்சீபுரம் நாயனா பிள்ளையிடம் பாட்டு படித்தார்கள். அவர் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடையே நிரம்பிவிடும். 'புல் பெஞ்ச்' என்பார்கள். பாட்டியோ இதற்கு நேர் எதிர்! பிள்ளையிடம் தாளக் கணக்கு, பாட்டியிடம் நிதானமான பதம். இரண்டையும் கோத்துக்கொண்டார்கள் அக்காவும் தங்கையும். (கரையையும் உடலையும் சேர்த்து நெய்வதற்கு நம் தறிக்காரர்கள் சொல்வதும் 'கோர்வை'தானே!)

அது பொல்லாத காலம். சதிர் ஆடும் குடும்பம் என்றாலே ஊர் முகம் சுளித்தது. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. எத்தனையோ வீடுகளில் சலங்கை பரணுக்குப் போனது. இந்த வீட்டில் போகவில்லை. அம்மா ஜெயம்மாள் பாட, பாலசரசுவதி ஆடினார்.

தனம்மாள் 1938-லேயே கண் மூடிவிட்டார். 1973-ல் பாலசரசுவதிக்கு சங்கீத கலாநிதி பட்டம். நாட்டியக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை! 1976-ல் பிருந்தாவுக்கும் அதே பட்டம். எம்.எஸ்.சுப்புலட்சுமியே பிருந்தாவிடம் உட்கார்ந்து பதம் கற்றுக்கொண்டார் என்றால் பாருங்களேன்!

2010-ல் அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது. பாட்டிக்கு ஒன்று. பேத்தி பாலசரசுவதிக்கு ஒன்று.