ரீகால் கடிதம் யாருக்குப் போகிறது?

போன மாதம் என் மச்சான் ஒரு பழைய கார் வாங்கினார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி, இவர் மூன்றாவது ஓனர். மெக்கானிக்கைக் கூட்டிப் போய் இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் சும்மா இருக்காமல் ஆர்சியில் இருந்த சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். முன்சீட்டு பயணி பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை என்று வந்தது. அறிவிப்பு வந்து பல வருஷம் ஆகிறது. கடிதம் அனுப்பியிருந்தால் அது முதல் ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும்.

மச்சான் சொன்ன முதல் வார்த்தை: "அப்போ இந்தக் கம்பெனி வண்டியே வாங்கியிருக்கக் கூடாதா?" கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது: "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே?"

ரீகால் பற்றி நான் படித்ததில் பாதி இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். பொதுமக்கள் ஒன்று மொத்தமாகப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் கண்டுகொள்வதே இல்லை. எதற்கு எது என்பதுதான் வேடிக்கை.

பயத்துக்கு உதாரணம் டொயோட்டா. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியாகோ பக்கத்தில் ஒரு லெக்சஸ் கார் நிற்காமல் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலை போலீஸ் அதிகாரி. வண்டிக்குள்ளிருந்து ஒருவர் அவசர எண்ணுக்குப் பேசிய ஒலிப்பதிவு டிவியில் திரும்பத் திரும்ப ஒலித்தது. காரணம் வேறொரு மாடலின் தரை மேட். அது ஆக்ஸிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது. டொயோட்டா மேட்டுக்காக ஒரு ரீகால், திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காக இன்னொரு ரீகால் என்று அடுத்தடுத்து அறிவித்தது. ஆனால் மக்கள் மனசில் உட்கார்ந்தது மேட் இல்லை. கம்ப்யூட்டரே வண்டியை விரட்டுகிறது என்ற பேச்சுதான். 2010 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ரே லாஹூட், அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே நாளில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்தினார். செய்தி பரவப் பரவப் புகார்களும் குவிந்தன.

கடைசியில் நாசா பொறியாளர்களை வைத்துப் பத்து மாதம் ஆராய்ந்தார்கள். இப்படி வண்டி பாய்வதற்கு எலெக்ட்ரானிக் கோளாறு காரணம் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பல விபத்துகளில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருந்தார்கள். (இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. எனக்கே ஒருமுறை பார்க்கிங்கில் நடந்திருக்கிறது.) அதற்காக டொயோட்டா சொக்கத்தங்கம் என்று சொல்லவில்லை. 2013ல் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, மென்பொருள் நிபுணரின் சாட்சியத்தையும் கேட்டு, கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. மேட், பெடல் விஷயத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு 2014ல் 120 கோடி டாலர் கட்டியது. பெடலைப் பற்றிய பயம் நியாயம்தான். ஆனால் பயம் போய் நின்ற இடம் வேறு.

இப்போது அலட்சியம். அதற்கு டகாடா ஏர்பேக்.

ஏர்பேக்கை ஊத வைப்பது ஒரு சின்ன உலோக டப்பா. அதற்குள் ரசாயன வில்லைகள் இருக்கும். மோதினதும் அவை எரிந்து வாயுவாகிப் பையை நிரப்பும். டகாடா பயன்படுத்தியது அமோனியம் நைட்ரேட். மலிவு. ஆனால் ஈரத்தை இழுக்கும். பகலில் வெயில், இரவில் குளிர் என்று வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் வில்லை உள்ளுக்குள் பொடிந்துபோகும். முழு விறகு நின்று நிதானமாக எரியும். அதையே சிராய் சிராயாக உடைத்துப் போட்டால் குப்பென்று பற்றும் இல்லையா? அதேதான். வாயு ஒரேயடியாகக் கிளம்பி, டப்பா வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். உயிரைக் காப்பாற்ற வேண்டிய மோதலில் அதுவே கொல்லும். அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். மலேசியாவிலும் சாவுகள் உண்டு.

மச்சானின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாதது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. மோதல் நடக்காததால் டப்பா இன்னும் பற்றவைக்கப்படவில்லை, அவ்வளவுதான். வருஷம் ஏற ஏற ஆபத்து கூடுகிறது. சூடும் ஈரமும் உள்ள ஊர்களில் இன்னும் வேகமாக. ஃப்ளோரிடா மாதிரி இடங்களுக்குத்தான் அமெரிக்காவில் முதலிடம் கொடுத்து மாற்றினார்கள். சென்னை, தூத்துக்குடி வெக்கையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2001லிருந்து 2003 வரை வந்த சில ஹோண்டா, அக்யூரா கார்கள் இதில் மிக மோசம். ஆய்வகச் சோதனையில் அந்த இன்ஃப்ளேட்டர்கள் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை போனது. 2008க்கும் 2011க்கும் இடையிலேயே ரீகால் செய்யப்பட்ட வண்டிகள் இவை. 2016 ஜூனில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், டீலரிடம் கொண்டுபோவதற்குத் தவிர இவற்றை ஓட்டவே வேண்டாம் என்று எச்சரித்தபோதும், சுமார் 3,13,000 வண்டிகள் மாற்றாமலேயே ஓடிக்கொண்டிருந்தன.

ஜனங்களை முட்டாள் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லெக்சஸ் விபத்தில் ஒரு மனிதக் குரல் இருந்தது. டகாடாவில் இருந்தது ஒரு கடிதம். அதுவும் பழைய விலாசத்துக்கு. வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். கடிதத்தைப் பார்த்துப் பதறி டீலரிடம் ஓடியவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "பார்ட் இன்னும் வரலை, வந்ததும் கூப்பிடறோம்." கோடிக்கணக்கில் மாற்ற வேண்டியிருந்ததால் உதிரிபாகத் தட்டுப்பாடு. சிலருக்குத் தற்காலிகமாக அதே வகை புது இன்ஃப்ளேட்டரைப் போட்டு, பிறகு மறுபடியும் வரச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து என்று எழுதிவிட்டுக் காத்திருக்கவும் சொன்னால், அடுத்த கடிதத்தை யார் பிரிப்பார்?

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வார்த்தையிலேயே இருக்கிறது. "இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று தலைப்புப் போடுகிறார்கள். படிப்பவர் கம்பெனி வண்டியை வாங்கிக்கொண்டு பணம் தரப்போகிறது என்றோ, வண்டியே குப்பை என்றோ நினைக்கிறார். உண்மையில் பெரும்பாலும் நடப்பது சர்வீஸ் சென்டரில் ஒரு பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுப்பது. முதல் கேள்விக்கும் இதுதான் பதில்: டகாடா ஏர்பேக் அமெரிக்காவில் 19 கம்பெனிகளின் வண்டிகளில் இருந்தது. ரீகால் அறிவித்த கம்பெனியை ஒதுக்கினால், சத்தமில்லாமல் இருப்பவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

இந்தியாவில் 2012லிருந்து சியாம் அமைப்பின் தன்னார்வ விதிமுறைதான் இருந்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட அளவு புகார் வந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த விதி ஏழு வருஷத்துக்குள் உள்ள வண்டிகளுக்குத்தான். ஏர்பேக் பொடிந்துபோக அதைவிட அதிக நாள் ஆகும்! கம்பெனி தானாக அறிவித்திருந்தால், பழைய வண்டிக்கு நாமாகத்தான் தேட வேண்டும். ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் போதும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மச்சான் சர்வீஸ் சென்டருக்குப் போனார். எத்தனையாவது ஓனர் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. நம்பரைச் சரிபார்த்து, பார்ட் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை முன்சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்றார்கள். அத்தைக்கு அதில்தான் வருத்தம். முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால்தான் அவருக்குக் கார் கார் மாதிரி இருக்கும். இரண்டு வாரமாகப் பின்சீட்டில் முணுமுணுத்துக்கொண்டு வருகிறார்.