முதுசொம், சீதனம், தேடியதேட்டம்: யாழ்ப்பாண வேளாண் குடும்பத்தில் காணி வழிவரும் முறை

உழவர் குடும்பமொன்றில் நிலம் ஒரு தலைமுறையினின்று அடுத்த தலைமுறைக்குச் செல்லும் முறையை ஆராயின், அக்குடும்பத்தின் உறவுமுறை, மணமுறை, பெண்ணுக்கு அது அளித்த நிலை ஆகிய அனைத்தும் ஒருங்கே புலனாகும். தமிழர் வாழும் நிலப்பகுதிகளுள் யாழ்ப்பாணத்திலே இம்முறை எழுத்தில் தொகுக்கப்பெற்று, இன்றும் சட்டமாக நிலவி வருகின்றது. தேசவழமை என்பது அதன் பெயர். அதன்கண் பயிலும் சொற்களுள் சீதனம் என்பது ஒன்று. மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் பொருள் என்றே இச்சொல்லுக்கு இன்று பலரும் பொருள் கொள்கின்றனர். தேசவழமையிலோ அது மகளுக்குரிய பங்கின் பெயராகும். இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். வழக்குகளைத் தீர்ப்பதற்கு நாட்டு வழக்கங்களை அறிதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று. ஆகவே, ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சீமோன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் அவ்வழக்கங்களைத் திரட்டி 1707 இல் எழுதி முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பெற்று, நாட்டு முதலியார் பன்னிருவர் பார்வைக்கு வைக்கப்பெற்று, அவர்தம் உடன்பாட்டையும் பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலிமை அளித்தது. எனவே தேசவழமை அரசன் இயற்றிய விதிநூல் அன்று. வழங்கிய வழக்கத்தைக் கேட்டெழுதிய தொகுப்பு என்க.

இத்தொகுப்பு குடும்பத்தின் பொருளை மூவகையாகப் பகுக்கின்றது. கணவன் தன் முன்னோரிடமிருந்து பெற்றுக் கொணர்வது முதுசொம். சொம் என்பது சொத்து. முது என்னும் அடை அதன் பழமையை உணர்த்தும். பேச்சு வழக்கில் இது முதுசம் என மருவியது. மனைவி மணத்தின்போது கொணர்வது சீதனம். இது பெண்ணின் பொருள் என்னும் கருத்துடைய ஸ்திரீதனம் என்ற வடசொல்லின் திரிபாகும். இருவரும் மணவாழ்விலே ஈட்டுவது தேடியதேட்டம். முதலிரண்டும் பொருள் வந்த வழியையும், மூன்றாவது அதனை ஈட்டிய உழைப்பையும் சுட்டுதல் காண்க. பொருள் எவ்வழி வந்ததோ அவ்வழியே செல்லும் என்பதே இப்பாகுபாட்டின் அடிப்படையாகும்.

பண்டை வழக்கின்படி தந்தையின் முதுசொம் ஆண்மக்களையும், தாயின் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தன. தேடியதேட்டம் மாத்திரம் ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் சமமாகப் பகிரப்பெற்றது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வலிகாமத்துச் செம்மண்ணிலே வாழும் குடும்பமொன்றில் தந்தைக்கு முதுசொமாக 16 பரப்புத் தோட்டமும், தாய்க்குச் சீதனமாக 8 பரப்பும், இருவர் உழைப்பால் வாங்கிய 6 பரப்பும் உள்ளன எனவும், அவர்க்கு ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் இருவரும் உளர் எனவும் கொள்வோம். தோட்டக் காணியில் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் முதுசொத்தில் 8 பரப்பும் தேட்டத்தில் ஒன்றரைப் பரப்புமாக ஒன்பதரைப் பரப்புக் கிட்டும். பெண்மக்கள் ஒவ்வொருவர்க்கும் சீதனத்தில் 4 பரப்பும் தேட்டத்தில் ஒன்றரைப் பரப்புமாக ஐந்தரைப் பரப்புக் கிட்டும். பங்குகள் சமமல்ல. எனினும் மகளின் காணி தாயிடமிருந்து அவளுக்கு உரிமையாக வருவது. உடன்பிறந்தான் மனமிரங்கி ஈவது அன்று.

இம்முறை போர்த்துக்கேயர் காலத்தில் மாறியது எனத் தேசவழமையே கூறுகின்றது. மகளுக்கு மணம் பேசும் பெற்றோர், முதுசொம், சீதனம், தேட்டம் என்னும் வேறுபாடு கருதாது, தம் காணிகளுள் ஏற்றதனைச் சீதனமாக எழுதிக் கொடுக்கத் தலைப்பட்டனர். இதனால் தந்தை வழிக் காணியும் பெண்வழிச் சென்றது. மேலே காட்டிய குடும்பத்தில் மூத்த மகள் தந்தையின் முதுசொத்திலிருந்தே 6 பரப்பைப் பெறுதலும் கூடுவதாயிற்று. ஆயின் அதற்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் பிறந்தது. சீதனம் பெற்று மணந்த மகள், பெற்றோர் விட்டுச் செல்லும் எஞ்சிய பொருளில் உரிமை கோருதற்கில்லை என்பதே அக்கட்டுப்பாடு. ஆகவே சீதனம் என்பது முன்கூட்டியே அளந்து கொடுக்கப்பெற்ற மரபுரிமைப் பங்கு என்பது தெளிவாகும்.

இக்கருத்துக்கு அரணாகும் விதிகள் வேறும் உள. சீதனம் ஓலையில் எழுதப்பெற்றது. ஓலையிற் குறித்த காணியை மணமக்கள் பத்தாண்டுகளுக்குள் தம் கைக்கொள்ளுதல் வேண்டும். கொள்ளாவிடின் அதன்மேல் உள்ள உரிமையை இழப்பர். சீதனம் பெற்றவள் மகப்பேறின்றி இறப்பின், அக்காணி கணவனைச் சேராது அவள் உடன்பிறந்த பெண்டிர்க்கும் அவர்தம் பெண்வழியினர்க்கும் திரும்பும். மணமகன் வீட்டார்க்கு அளித்த விலையாக இருப்பின் அது இவ்வாறு திரும்புதற்கு இடமில்லை அன்றோ?

ஆண்மக்களின் நிலை வேறு. மணமாகாத மைந்தர் ஈட்டியதனைத்தும், உடலில் அணியும் பொன் வெள்ளி அணிகள் ஒழிய, குடும்பப் பொதுப் பொருளோடு சேரும். பெற்றோர் உயிரோடிருக்கும் வரை அவர் பங்கு கேட்டல் இயலாது. தந்தை முன்னர் இறப்பின், பொருள் முழுவதும் பிள்ளைகளைப் பேணும் தாயின் கையில் நிற்கும். பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்து மணமுடித்தல் அவள் கடன். ஆண்மக்களோ அவள் உள்ளளவும் எதனையும் கோருதற்கில்லை. இவ்வாறு மகளுக்கு மணநாளும் மகனுக்குப் பெற்றோரின் இறுதியும் பங்கு பெறும் காலங்களாக அமைந்தன. தமக்கையர் தங்கையர்க்குச் சீதனம் சேரும் வரை ஆண்மக்கள் காத்து நின்று உழைக்கும் யாழ்ப்பாண வழக்கு இவ்விதிகளோடு பொருந்தி நிற்றல் கருதத்தக்கது.

நிலம் பகிரப்படுங்கால் நீரும் பகிரப்படுதல் வேண்டும். ஆறில்லா யாழ்ப்பாணத்தில் தோட்டப் பயிர் கிணற்றையே நம்பியுள்ளது. காணியைக் கூறிடலாம், கிணற்றைக் கூறிடலாகாது. ஆதலின் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் தனியே எழுதப்பெறுகின்றன. தலைமுறைதோறும் பங்கு சிறுகச் சிறுக, பிரிபடாத பங்குகள் பெருகின. அயலார் உட்புகுதலைத் தடுக்கும் வழியையும் தேசவழமை வகுத்தது. காணியை விற்க விழைவோன், உரிமைக்காரர்க்கும் பங்காளர்க்கும், அக்காணியை ஒற்றியாகப் பெற்றுள்ள அடுத்த காணிக்காரர்க்கும் முதற்கண் அறிவித்தல் வேண்டும். இம்முன்விலைக் கொள்வுரிமைக்கு 1947 இல் தனிச் சட்டமொன்று இயற்றப்பெற்றது.

1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இவ்வழக்கங்களுக்குப் புத்துருவம் தந்தது. பெற்றோர், பாட்டன் முதலிய மேல்வழியினர் இறப்பால் வருவது முதுசம் என்றும், ஏனைய உறவினர் இறப்பால் வருவது உருமை என்றும் அச்சட்டம் வரையறை செய்தது. கணவன் பொருள் என்னும் குறுகிய எல்லையைக் கடந்து, முதுசம் என்னும் சொல் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. தேடியதேட்டத்தின் வரையறை 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றம் பெற்றது.

ஈண்டு நம் சிந்தனைக்குரிய முரண் ஒன்றுண்டு. மனைவியின் தனிப்பொருள் அவளுடையதே என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். அசையும் பொருளை அவள் தானே கையாளலாம். ஆனால், காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனது எழுத்து மூலமான இசைவு வேண்டும். அவன் காரணமின்றி மறுப்பின் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும். தாய்வழி வந்த காணி பெண் பெயரில் நிற்க, அதனை ஆளும் உரிமை அவள் கையில் முழுமையாக இல்லை. சீதனம் என்னும் சொல் மணமகன் வீட்டாரை நோக்கித் திரும்பியதற்கு இந்நிலையும் துணைசெய்திருக்கும் என்பது நம் கருத்து. காணியின் இடத்தை ரொக்கப் பணம் பெற்றபோது அத்திரிபு நிறைவுற்றது எனலாம். காணி ஓலையில் மகள் பெயர் நின்றது. கைமாறும் பணத்திலோ எவர் பெயரும் நில்லாது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் இம்மரபைப் பெரிதும் அலைத்தது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, உறுதிகள் அழிந்தன, பங்காளர் பல நாடுகளிற் சிதறினர். பிறர் பத்தாண்டு தடையின்றி ஆண்டமையால் உடையவர் உரிமை இழக்கும் ஆட்சியுரிமை விதி, இடம்பெயர்ந்தோர்க்குப் பெருங்கேடாயிற்று. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை இடம்பெயர்ந்தோர்க்கு எதிராகக் கணக்கிடாதிருக்க வழிசெய்தது. ஆயினும் எக்காணி எவ்வழி வந்தது என்னும் அறிவு உறுதிகளில் மட்டுமன்றி முதியோர் நினைவிலும் உறைந்துள்ளது. அந்நினைவைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இதுகாறும் கூறியவற்றால், முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் ஒரு குடும்பம் தன் நிலத்தின் வரலாற்றை எழுதிவைத்த முறையே என்பது பெறப்படும். எனவே பழைய சீதன ஓலைகளையும் காணி உறுதிகளையும், அவற்றிற் பயிலும் காணிப் பெயர், எல்லை, அளவை, பங்குமுறை ஆகியவற்றையும் தொகுத்து ஆராய்தல் தமிழ் ஆய்வாளர் கடனாகும். சீதனம் மகளின் உரிமை என்பதற்கு அவ்வோலைகளே சான்று. அவை மறையின், அச்சொல்லுக்கு எஞ்சி நிற்பது இன்றைய பொருள் ஒன்றே.