இறந்தும் ஈந்தோர்

நவம்பர் 2, மரித்த விசுவாசிகளின் திருநாள். பருவமழை சற்று ஓய்ந்த வேளையில், சம்பா வயல்களின் வரப்பைக் கடந்து, மாலையும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்கு வரும் குடும்பங்களை நம் தஞ்சைப் பகுதிப் பங்குகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்வாறு கல்லறைகளை மந்திரித்து முடித்த ஒரு மாலையில், விபத்தில் மகனை இழந்த தாய் ஒருவர் நம்மை அணுகினார்.

"சாமி, என் மகனுடைய உறுப்புகளைக் கொடுத்தோம். கண்ணும் இதயமும் இல்லாத உடல் கடைசி நாளில் எப்படி எழும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நாங்கள் செய்தது பாவமா?"

பாவமன்று, புண்ணியம் என்றோம். கடலில் மறைந்த மீனவரையும், நெருப்பில் எரிந்த வேதசாட்சிகளையும் உயிர்ப்பிக்க வல்ல இறைவனுக்கு, பிறர் வாழ ஈந்த இதயம் ஒரு தடையாகுமோ? 1956-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இறந்தோரின் கருவிழியைப் பார்வையற்றோருக்கு அளிப்பது உடலை அவமதிப்பதாகாது எனத் தெளிவுபடுத்தினார். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனமுவந்து செய்யும் உறுப்புத் தானத்தை அன்பின் செயலெனப் போற்றினார். மூளையின் இயக்கம் முற்றிலும் நின்றுவிட்டதென உறுதியாக அறிந்த பின்னரே உறுப்புகளை எடுக்கலாம் என்பதையும் விளக்கினார்.

இதயம் துடிக்கும்போதே உயிரைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சுவோரும் உண்டு. செயற்கைச் சுவாசக் கருவியால் துடிப்பு சிறிது காலம் நீடிக்கலாம். ஆயினும் மூளைத் தண்டு மடிந்தபின் மனிதன் மீள்வதில்லை. 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே மூளைச்சாவை உறுதி செய்யவேண்டும். குடும்பத்தாரின் இசைவும் பெறப்படுகிறது. பின்பு உடல் முறையாகத் தைக்கப்பட்டு, வழக்கமான அடக்கச் சடங்கிற்கு ஒப்படைக்கப்படுகிறது.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்துக்குள்ளாகி மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் மருத்துவர்கள். பெற்ற வயிறு பற்றியெரிந்த அந்நேரத்திலும் மகனின் உறுப்புகளைத் தர முன்வந்தனர். காவல்துறையினர் வழியை ஒழுங்குசெய்ய, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் அவன் இதயம் சென்று சேர்ந்தது. அதைப் பெற்றவள் 9 வயதுச் சிறுமி. அந்த ஈகை தமிழகத்தின் மனத்தைத் தொட்டது. உறுப்புத் தானம் வீட்டுத் திண்ணையிலும் பேசும் பொருளாயிற்று.

2023 செப்டம்பரில், உறுப்புத் தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு அறிவித்தது. அரசு செய்யும் மரியாதை ஒருநாளோடு முடியும். உறவும் ஊரும் பங்கும் செய்யவேண்டிய மரியாதை எது? துயருற்ற குடும்பத்தைப் பழிச்சொல்லால் குத்தாதிருப்பதே முதல் மரியாதை. ஆண்டு நினைவுத் திருப்பலியில் அந்த ஈகையை நன்றியோடு நினைவுகூர்வது அடுத்தது.

மூளைச்சாவு அரிது, கண் தானமோ வீட்டில் இயல்பாக இறப்போருக்கும் இயலும். மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். இறந்த 6 மணி நேரத்திற்குள் கண்களை எடுக்க வேண்டியிருப்பதால், உடனே கண் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை அவற்றின் மேல் வைத்து, தலையைத் தலையணையால் சற்றே உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைத்தல் நலம். இதைச் சாவு வீட்டில் முதன்முறையாகப் பேசுவது கடினம். இரவு செபம் முடிந்து குடும்பமாய் அமர்ந்திருக்கையில் இன்றே பேசிவையுங்கள்.

எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லை உண்ணாமல் காத்து, அதை மண்ணிற்கு ஈந்தவர்கள் நம் காவிரிக்கரை முன்னோர். மண்ணில் மறைந்த விதையை எவரும் இழப்பென்று எண்ணுவதில்லை. "உம் மகனும் அவ்வாறே, அம்மா" என்றோம். கண்களைத் துடைத்துக்கொண்டு, அவர் மகனின் கல்லறையில் மெழுகுவர்த்தியை ஏற்றினார்.