கல்விக் கடனும் திவால் சட்டமும்: விடுதலை யாருக்கு?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர்வது குடும்பத்துக்குப் பெருமை தரும் செய்தியாகும். அப்படிப்புக்கு வேண்டிய பணத்தை எல்லாக் குடும்பங்களும் கையிலிருந்து கொடுத்துவிட இயலாது. 1997-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகமும் வேறு பல அமைப்புகளும் கல்விக் கடன் வழங்கி வருகின்றன. கல்விக் கடன்களில் சிலவற்றுக்குத் தந்தையோ, மாமாவோ, சிற்றப்பாவோ பிணையாளராகக் கையொப்பமிட நேருகின்றது.

பட்டம் பெற்ற பிள்ளை பின்னாளில் கார்க் கடன், கடன் அட்டைக் கடன் எனப் பலவற்றில் சிக்கித் திவாலானால், கல்விக் கடனின் நிலை என்ன? அவர் விரைவில் விடுதலை பெற்றால், பிணை நின்றவரும் அத்துடன் விடுபடுவாரா? தோட்டத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய இக்கேள்விகளுக்கு இங்கு விளக்கம் தர முற்படுகின்றோம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

1967-ஆம் ஆண்டின் திவால் சட்டம், 2017 அக்டோபர் 6 முதல் பல திருத்தங்களுடன் இன்சொல்வென்சி சட்டம் என்னும் பெயரில் நடைமுறையில் இருந்து வருகின்றது. ஒருவரைத் திவாலாக்க மனுச் செய்வதற்கு முன்னர் 30,000 வெள்ளிக் கடனே போதுமானதாக இருந்தது. 2017-இல் அது 50,000 வெள்ளியாகவும், பின்னர் 100,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது.

அத்திருத்தங்களுள் நமக்கு மிகவும் பயன்படுவது 'சமூகப் பிணையாளர்' பற்றிய விதியாகும். இலாப நோக்கமின்றி, ஒருவருடைய கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கான வாகனத்தின் தவணைக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ பிணை நிற்பவர் சமூகப் பிணையாளர் ஆவார். இத்தகையவரைத் திவாலாக்கும்படி கடன் கொடுத்தவர் மனுச் செய்ய முடியாது. ஆகவே, மகனுடைய படிப்புக்குக் கையொப்பமிட்ட பால்மரத் தொழிலாளி தாம் திவாலாக்கப்படுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

எனினும், இப்பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. திவாலாக்க முடியாது என்பதனால் கடனே இல்லை என்று பொருளாகாது. பிணையாளர்மீது வழக்குத் தொடர்ந்து, சட்டம் அனுமதிக்கும் வேறு வழிகளில் பணத்தை வசூலிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு.

முன்னதாக விடுபடும் வழிகள்

திவாலானவருடைய வருமானத்தையும், அவர் காப்பாற்ற வேண்டிய குடும்பத்தின் செலவுகளையும் கருத்திற்கொண்டு, அவர் செலுத்த வேண்டிய தொகையை ஜபாத்தான் இன்சொல்வென்சி எனப்படும் திவால் துறையின் தலைமை இயக்குநர் நிர்ணயிக்கின்றார். திவாலிலிருந்து விடுபடுவதற்குரிய வழிகளுள் இரண்டினை இங்குக் காண்போம்.

முதலாவது, மூன்றாண்டு விடுதலை. தம் சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றைக் குறித்த வாக்குமூலத்தைச் சமர்ப்பித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் கழிந்த பின்னர், நிர்ணயித்த தொகையைச் செலுத்தியும் கணக்குகளை ஒப்படைத்தும் இருப்பாரானால், அவர் விடுதலை பெறலாம். முழுக் கடனையும் கட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, முழுமையாகச் செலுத்தி விடுபடுதல். கடன்கள் யாவும் செலுத்தப்பட்டுவிட்டன என்று மெய்ப்பிக்கப்பட்டால், திவால் உத்தரவையே நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். இதற்கு 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தின் மூலம் காண்போம். ஒருவருக்கு மொத்தம் 120,000 வெள்ளிக் கடன். அதில் 25,000 வெள்ளி கல்விக் கடன். அதற்குப் பிணை நின்றவர் அவருடைய தந்தை. மகன் செலுத்தும் பணம் கடன் கொடுத்தவர்களிடையே விகிதப்படி பங்கிடப்படுகின்றது. மூன்றாண்டு முடிவில் கல்விக் கடனுக்கு 5,000 வெள்ளி மட்டுமே சேர்ந்திருக்கின்றது என்று கொள்வோம். மகன் விடுதலை பெறுகின்றார். ஆனால் எஞ்சிய 20,000 வெள்ளிக்குத் தந்தையின் பொறுப்பு நீங்குவதில்லை. திவாலானவருக்குக் கிடைக்கும் விடுதலை அவருக்குப் பிணை நின்றவரை விடுவிக்காது என்பது சட்டத்தின் நிலையாகும். மாறாக, கடன்கள் முழுவதும் கட்டப்பட்டு உத்தரவு இரத்தாகுமானால், கல்விக் கடனும் தீர்ந்து தந்தையின் பொறுப்பும் அத்துடன் முடிவடைகின்றது.

செய்ய வேண்டியவை

1. பிணைக் கையொப்பமிடும்போது பத்திரத்தின் நகலைக் கேட்டுப் பெறுக. எவ்வளவு தொகைக்குப் பொறுப்பேற்கின்றீர்கள் என்பதைப் படித்தறிக.

2. தவணை கட்ட இயலாத நிலை தோன்றியதும், கடன் கொடுத்த அமைப்பை அணுகித் தவணையை மாற்றியமைக்கும்படி கேட்டுக்கொள்க. 2006-இல் பேங்க் நெகாராவினால் அமைக்கப்பெற்ற ஏ.கே.பி.கே. நிறுவனம் கடன் தொல்லையில் உள்ளோருக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது. வட்டி முதலைகளை நாடிச் செல்வது துன்பத்தை இரட்டிப்பாக்கும்.

3. திவாலானவர் தம் வாக்குமூலத்தில் கல்விக் கடன் உட்பட எல்லாக் கடன்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். வாக்குமூலம் தாமதமானால் மூன்றாண்டுக் கணக்கும் தாமதமாகவே தொடங்கும். 6 மாதங்களுக்கு ஒரு முறை வரவு கணக்கைத் திவால் துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும்.

4. விடுதலை பெறும் முன்னரே, கல்விக் கடனில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை எழுத்து மூலம் கேட்டறிக. மகனும் தந்தையும் கலந்து பேசி, எஞ்சிய தொகைக்குரிய தவணையைக் கடன் கொடுத்த அமைப்புடன் முடிவு செய்துகொள்வது நலம்.

5. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தைக் கடன் கொடுத்தவரோ, திவால் துறையோ எடுத்துக்கொள்ள முடியாது. அதனை மீட்டுக் கடன் அடைக்கும்படி எவரேனும் வற்புறுத்தினால், முதலில் தக்க ஆலோசனை பெறுக.

திவால் நிலையைச் சிலர் வெளியில் சொல்லவொண்ணாத இழுக்காகக் கருதி, கடிதங்களைப் பிரிக்காமலே வைத்துவிடுகின்றனர். அதனால் காலமும் பணமும் வீணாகின்றன. விடுதலை பெற்ற மகன், தம் பொருட்டுக் கையொப்பமிட்ட பெற்றோரின் பெயரும் அக்கடன் பத்திரத்திலிருந்து நீங்கும் வரை தம் கடமை முடியவில்லை என்பதை உணர வேண்டும். பிள்ளையின் கல்விக்குத் துணை நின்ற பெற்றோர், முதுமையில் அதன் சுமையைத் தனியே தாங்கும்படி விடுதல் ஆகாது.