பத்திலொரு பங்கு: விலையா, நன்றியா?

தை பிறந்தால் பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் களத்துக்கு வருகிறது. சித்திரையில் ஆண்டிமடம், வரதராசன்பேட்டைப் பக்கம் முந்திரிக் கொட்டை சேர்கிறது. விளைந்தது பணமாகிக் கைக்கு வரும் நாள்களில் நம் குடும்பங்கள் பங்குக் குருவிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சாமி, வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்தால் ஆண்டவர் எங்கள் கடனைத் தீர்த்து வைப்பாரா?"

முதற் கேள்வி நியாயமானது. இரண்டாவதிலோ ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பத்துக் கொடுத்தால் நூறு வரும் என்று போதிப்போர் உண்டு. அதை நம்பி, நகையை அடகு வைத்துக் காணிக்கை செலுத்தும் ஏழைகளும் உண்டு. இது விசுவாசமன்று; ஆண்டவரிடமே வட்டிக்கு விடும் வணிகம்.

மறைநூல் காட்டும் வழி வேறு. ஆபிரகாம் போரில் வென்று திரும்பிய பின்னரே மெல்கிசெதேக்குக்குப் பத்திலொன்று அளித்தார். இஸ்ராயேல் மக்களும் அறுவடை கண்ட பின்னரே தானியத்திலும் எண்ணெயிலும் ஒரு பங்கைப் பிரித்து வைத்தனர். மூன்றாம் ஆண்டுதோறும் அப்பங்கு அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டு, லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் உணவாயிற்று என்பதை உபாகமம் 14ஆம் அதிகாரத்தில் காணலாம். பத்திலொன்று கொடுப்போர்க்கு வானம் திறக்கும் என மலாக்கியாஸ் இறைவாக்கினர் உரைத்தது உண்மையே. ஆனால் அதே அதிகாரத்தில், கூலியாளின் கூலியைப் பிடித்துக்கொள்வோரை ஆண்டவர் கண்டிக்கிறார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில், திருக்காவலூர் அடைக்கல மாதாவின் நிழலில், வீரமாமுனிவர் (1680-1747) அருட்பணி ஆற்றினார். அவருடைய உதவியால் அரியலூர் மழவராயர் கொடிய பிளவை நோயினின்று நலம் பெற்றார் என்றும், அதற்கு நன்றியாக மாதாவின் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் வரலாறு வழங்கிவருகிறது. நலத்தை விலைக்கு வாங்க அவர் நிலம் கொடுக்கவில்லை, பெற்றபின் கொடுத்தார். காணிக்கையின் இலக்கணம் இதுவே.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது? திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 222) கூறுகிறது. சமூக நீதியை வளர்ப்பதும், தம் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் கடமையே என்று அவ்விடத்திலேயே சொல்கிறது. பத்திலொன்று என்ற அளவை மட்டும் அது விதிக்கவில்லை. காரணம் எளிது. சிமெண்டு ஆலையில் மாதம் 60,000 ரூபாய் பெறுபவர் 6,000 கொடுத்தால் 54,000 மிஞ்சும். கூலி வேலையில் 12,000 ஈட்டுபவர் 1,200 கொடுத்தால் மிஞ்சுவது 10,800தான். பங்கு ஒன்றே, பாரம் ஒன்றன்று. ஏழை விதவையின் இரண்டு காசுகளை இயேசு பாராட்டியதும் தொகையைப் பார்த்தன்று.

எனவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே, ஒழுங்கு முறை ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். பட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பது நீதி. சொந்த வீட்டாரைப் பேணாதவன் விசுவாசத்தையே மறுதலிக்கிறான் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் எச்சரிக்கிறது. ஆகவே பிள்ளைகளின் சோற்றையும் கடன்காரரின் பணத்தையும் எடுத்துக் காணிக்கை ஆக்க வேண்டாம். வசதியுள்ளோரோ, "செலவு போக மிஞ்சினால் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டாம், மிஞ்சவே மிஞ்சாது. சம்பள நாளிலேயே ஒரு பங்கைப் பிரித்து வையுங்கள்.

ஒன்றும் இல்லாதவருக்கும் வழி உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் தாய்மார் அறிந்ததே. மிசோரம் மாநிலத்துப் பிரிவினைச் சபைச் சகோதரர்கள் 1910 முதல் இப்படியே ஒவ்வொரு வேளையும் அரிசி எடுத்து வைத்து, தங்கள் சபையின் பணிகளுக்கு உதவி வருகின்றனர்.

குருக்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும். விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும். இவையும் திருச்சபைச் சட்டமே. உண்டியலில் விழுந்த காசு எந்த ஏழையின் அடுப்பை எரித்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆண்டவரை நம்புவது என்பது கணக்குப் பாராமல் இருப்பதன்று. கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே. மழை பொய்க்கலாம், வெங்காய விலை சரியலாம். அந்நாளிலும் அவர் நம்மைக் கைவிடார் என்ற உறுதியோடு, இருப்பதைப் பகிர்ந்து உண்பதே நம்பிக்கை. இம்மாதச் சம்பளமோ விளைச்சல் பணமோ வந்ததும், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து ஜெபித்து, கடனுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, கோயிலுக்கும் ஏழைக்கும் இவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். கடைசி வரி சிறியதாயினும் வெறுமையாய் இராதிருப்பதாக!